சிவப்பு வீடும் எங்க வீட்டுச் சுவரும்

போன ஞாயித்துக்கிழமை அப்பா ஃபோன் பண்ணினார். "டேய், தை மாசம் அக்கா கல்யாணம். வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிச்சிடலாமா? மூணு வருஷம்தான் ஆச்சு, அதுக்குள்ள மேற்குச் சுவர் பூரா உப்பிக்கிட்டு நிக்குது."

எங்க வீடு தாத்தா கட்டினது. செங்கல், சுண்ணாம்புக் காரை. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி வெள்ளையடிச்சு, அடியில காவிப் பட்டை போடுவாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி, "இதெல்லாம் பழைய காலம்ப்பா"ன்னு சொல்லி, பளபளன்னு பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்க வெச்சது வேற யாருமில்ல, நான்தான் :-(

அதனால அப்பாவுக்கு உடனே பதில் சொல்ல முடியல. "ரெண்டு நாள் கொடுங்கப்பா"ன்னு வெச்சுட்டேன். பதில் என்னன்னு எனக்குத் தெரியும். இங்க ஸ்வீடன்ல ஒரு சிவப்பு வீடு சொல்லிக் கொடுத்த பதில் அது. அந்தச் சிவப்போட கதைதான் இந்தப் பதிவு.

நான் இருப்பது உப்சாலாவில். இந்த ஊரை விட்டு வெளியே போனால், வயல் நடுவில், ஏரிக்கரையில், காட்டோரத்தில் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி சிவப்பு மர வீடுகள். மூலைகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் மட்டும் வெள்ளை. இந்தச் சிவப்புக்குப் பெயர் ஃபாலூன் சிவப்பு. ஃபாலூன் என்பது இங்கிருந்து ரயிலில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் வரும் ஊர். அங்கே ஒரு செம்புச் சுரங்கம். அதைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆவணமே 1288ஆம் வருஷத்தது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வேண்டிய செம்பில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போனது. ஸ்வீடன் அப்போ வல்லரசாக நின்று நடத்திய போர்களுக்கெல்லாம் காசு கொடுத்தது இந்தப் பள்ளம்.

செம்பை எடுத்தபின் மிச்சமாகிற மண்ணும் கல்லும் மலை மலையாகக் குவிந்தது. வெயிலும் மழையும் பட்டுப் பட்டு அது துருப் பிடித்தது. அந்தத் துரு மண்ணைக் கழுவி, படிய வைத்து, காயவைத்து, சூளையில் சுட்டால் அடர் சிவப்புப் பொடி வரும். முக்கியமாக இரும்பு ஆக்சைடு. சொல்லப்போனால் நம்ம ஊர் காவிக்குச் சிவப்பைக் கொடுப்பதும் அதே இரும்பு ஆக்சைடுதான்!

முதலில் இது ஏழைகளின் நிறமே கிடையாது. 1570களில் அரசர் மூன்றாம் யோஹான் தன் அரண்மனைக் கூரைக்கு இந்தப் பொடியை வரவழைத்திருக்கிறார். பார்க்கச் செம்புக் கூரை மாதிரி இருக்கணுமாம். 17ஆம் நூற்றாண்டுப் பிரபுக்கள் மர மாளிகைக்கு இதை அடித்தார்கள். அவர்கள் ஆசைப்பட்டது டச்சுக்காரர்களின் செங்கல் வீடு மாதிரி தெரிவதற்கு. ஆக, பிறந்ததே பந்தாவுக்குத்தான் :-)

1764இல் ஃபாலூனில் இதைத் தொழிலாகவே தயாரிக்க ஆரம்பித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் சாதாரண விவசாயி வீடுகளுக்கு இது பரவலாக வந்தது. அதுவரை அந்த வீடுகள் வெறும் சாம்பல் நிற மரம். பிரபுவைப் பார்த்து விவசாயி அடித்தார், அது கடைசியில் நாட்டுக்கே அடையாளமாகிவிட்டது. சுரங்கம் 1992இல் மூடப்பட்டு, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுரங்கம் போனாலும் பெயிண்ட் நிற்கவில்லை. குவிந்து கிடக்கும் பழைய கழிவிலிருந்து இன்றைக்கும் பொடி எடுக்கிறார்கள்.

நிறம் மட்டும் இல்லை, இதைச் செய்யும் விதமும் ஆச்சரியம். தண்ணீர், ரை மாவு, அன்னபேதி (அதாவது இரும்பு சல்பேட்), சிவப்புப் பொடி, கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய். கிட்டத்தட்டக் கஞ்சி காய்ச்சுகிற மாதிரிதான். மாவுதான் பசை. மரத்தில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அன்னபேதி.

சல்பேட் உப்புகளின் சக்தி அந்தச் சுரங்கத்துக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். 1719இல் உள்ளே ஒரு இளைஞனின் உடல் கிடைத்தது, அழுகாமல். யாரென்று தெரியவில்லை. ஒரு வயதான பெண்மணி வந்து பார்த்து, இது என்னைக் கட்டிக்க இருந்தவர் என்று அடையாளம் சொன்னார். மாட்ஸ் என்ற அந்த ஆள் காணாமல் போனது 1677இல். 42 வருஷம் சல்பேட் ஊறிய தண்ணீர் அவரை அப்படியே வைத்திருந்தது.

இனி நம்ம விஷயம். எனக்கு வாடகைக்கு ரூம் கொடுத்திருக்கும் பாட்டிக்கு ஃபாலூன் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு வீடு உண்டு. போன கோடையில் அதற்கு வண்ணம் அடிக்க என்னையும் கூட்டிப் போனார். "எப்போ அடிக்கணும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். பாட்டி என் கையைப் பிடித்து தெற்குச் சுவரில் வைத்துத் தேய்த்தார். உள்ளங்கை பூரா சிவப்புப் பொடி. தேய்த்த இடத்தில் சாம்பல் நிற மரம் எட்டிப் பார்த்தது. "இப்போ" என்றார். வடக்குச் சுவரில் கொஞ்சம் ஒட்டியது, ஆனால் மரம் தெரியவில்லை. "இது இன்னும் சில வருஷம் தாங்கும்."

இந்தப் பெயிண்ட் தோல் மாதிரி உரியாது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழி விட்டுவிட்டு, தானும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகி உதிரும். முரட்டு பிரஷ்ஷால் தட்டிவிட்டு மேலேயே அடிக்கலாம். சுரண்ட வேண்டியதில்லை.

போன நூற்றாண்டின் பிற்பாதியில் பிளாஸ்டிக் பெயிண்ட் வந்தபோது, "இனி பராமரிப்பே வேண்டாம்" என்று நிறைய பேர் மர வீடுகளுக்கு அதை அடித்தார்கள். வெளியே பளபளவென்று இருந்தது. ஆனால் விரிசல் வழியாக உள்ளே போன மழைத் தண்ணீர் காய வழியில்லாமல், அந்தப் படலத்துக்குப் பின்னாலேயே மரம் அழுகியது. பெயிண்ட் உரிந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது. பாட்டியின் கொட்டகையில் அப்படி அழுகின பலகையை எனக்குக் காட்டினார். முன்பக்கம் புதுசு மாதிரி இருந்தது, விரலால் குத்தினால் உள்ளே போனது.

எனக்கு அப்போ எங்க வீட்டு மேற்குச் சுவர்தான் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பும் இந்தச் சிவப்பு மாதிரிதான். கையில் ஒட்டும், உதிரும், சுவரை மூச்சு விட வைக்கும். வருஷா வருஷம் அடிக்க வேண்டியிருந்ததை நான் குறைன்னு நினைச்சேன். அந்தச் சாக்கில் வருஷத்துக்கு ஒருமுறை சுவரை முழுசாகக் கையால் தொட்டுப் பார்த்தோம் என்பது எனக்குத் தோணவே இல்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் சொன்னது இதுதான். நிறம் மங்கினா அவசரமில்ல. கையில பொடி ஒட்டி அடிச் சுவர் தெரிஞ்சா, அடிக்கிற நேரம். உப்பினா அது பெயிண்ட் அடிக்கிற நேரமே இல்ல, தண்ணி எங்கேருந்து வருதுன்னு தேடற நேரம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்ல விரிசல் இருக்கா பாருங்க. உப்பினதைச் சுரண்டி, நல்லா காயவிட்டு, பழையபடி சுண்ணாம்பே அடிக்கலாம்.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. "கல்யாண வீட்டுக்குச் சுண்ணாம்பாடா? சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க?"

"காவிப் பட்டையோட அடிச்சா அழகா இருக்கும்ப்பா. அன்னிக்கு நான் சொன்னது தப்புப்பா."

"சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார். நேற்று ஒரு ஃபோட்டோ வந்தது. மேற்குச் சுவர் பாதி சுரண்டியிருக்கு. உள்ளே தாத்தா காலத்துச் சுண்ணாம்பு, ஈரத்தோட. கீழே ஒரே ஒரு வரி: "கைப்பிடிச் சுவர்ல விரிசல் இருக்கு."

மீதி, கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்ட்டு வந்து எழுதறேன்.