நாளொன்றுக்கு எத்துணை நேரம்?

தவ்ராத்தைக் கற்பது யூத மார்க்கச் சட்டத்தில் விரும்பினாற் செய்யும் நற்செயலன்று. ஆடவர் ஒவ்வொருவர் மீதும் நாள்தோறும் விழும் கடமை. எனில், நாளொன்றுக்கு எவ்வளவு கற்றால் அக்கடமை தீரும்? எளிய வினாப் போலத் தோன்றும் இதற்கு விடை காண அவர்களுடைய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, அளவு வகுக்கப்படாத கடமைகளுள் கல்வியையும் வைத்தது. யூஷஃ நபியின் பெயரால் வழங்கும் ஆகமமோ இரவும் பகலும் அதிலேயே சிந்தை தோயுமாறு பணித்தது. அப்படியானால் உழவன் எப்போது உழுவது?

இரண்டாம் நூற்றாண்டில் ஃபலஸ்தீனத்தில் வாழ்ந்த ரப்பி இஷ்மயேல், உலக நடைமுறையோடு இணைத்தே கற்க வேண்டும் என்றார். ஷிமோன் பர் யோஹாய் இதை ஏற்கவில்லை. உழவுக்கு ஒரு பருவம், விதைப்புக்கு ஒரு பருவம், அறுவடைக்கு ஒரு பருவம் என்று போனால் தவ்ராத்தின் கதி என்னாவது என்று வினவினார். இராக்கில் வாழ்ந்த அபாயே பிற்காலத்தில் இதற்கு ஒரு நடுநிலைத் தீர்ப்பு வழங்கினார்: இஷ்மயேலைப் பின்பற்றியோர் பலர், கைகூடிற்று, ஷிமோனைப் பின்பற்றியோரும் பலர், கைகூடவில்லை. அவர் காலத்தவரான ராவா என்பவர், நீஸான், திஷ்ரி ஆகிய இரு மாதங்களிலும் தம் முன் வரவே வேண்டாமெனத் தம் மாணவரைத் தடுத்தார். அவை விளைச்சலைத் தேடும் மாதங்கள். அப்போது உழைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் சோற்றுக் கவலையின்றிப் படிக்கலாமல்லவா?

வியப்பு இனிமேல்தான். இத்துணைக் கண்டிப்பான அந்த ஷிமோனின் பெயராலேயே தல்மூதில் வேறோரிடத்தில் மற்றொரு கூற்றும் காணப்படுகிறது. இறைவன் ஒருவனே என்று சாற்றும் ஷெமா வாசகத்தைக் காலையிலும் மாலையிலும் ஓதினாலே கடமை நிறைவேறிவிடுமாம்! இதைப் பாமரர் காதில் போடலாகாது என்று அங்கேயே ஒரு தடையும் உண்டு. ராவாவோ, பாமரர் முன் சொல்வதே புண்ணியம் என்றார். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி இவ்விரண்டையும் விளக்கினார். இவ்வளவே போதுமெனத் தகப்பன் எண்ணினால் பிள்ளைகளைக் கல்வியிற் பழக்கமாட்டான் என்பது தடுத்தவர் அச்சம். இச்சிறு ஓதலுக்கே இத்துணை நற்கூலியென்றால் நாள் முழுதும் கற்பதற்கு எவ்வளவு இருக்கும் என்றெண்ணிப் பிள்ளைகளைப் பழக்குவான் என்பது ராவாவின் நம்பிக்கை. எளியோரை நம்பிய ராவாவின் பக்கமே நம் உள்ளம் சாய்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கிராக்கோவ் நகரத்து மோஷே இஸ்ஸர்லிஸ், நெருக்கடி வேளையில் ஷெமா ஒன்றே போதும் என்று சட்டமாகவே எழுதிவிட்டார்.

அவருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டு முற்பட்டவர், குர்துபாவிற் பிறந்து மிஸ்ரில் வாழ்ந்த மூஸா இப்னு மைமூன் (1138–1204). வீடு வீடாக இரந்துண்பவனும், மனைவி மக்களைச் சுமப்பவனும்கூடப் பகலில் ஒரு நேரமும் இரவில் ஒரு நேரமும் கல்விக்கு ஒதுக்கியே தீர வேண்டும் என்பது அவர் வகுத்த சட்டம். கைவினைஞன் ஒருவன் மூன்று மணி நேரம் தொழில் செய்து ஒன்பது மணி நேரம் கற்பதாக அவர் எடுத்துக்காட்டும் தந்தார். கல்வியைக் காட்டித் தருமப் பொருளில் வயிறு வளர்ப்பது இறைவன் திருநாமத்துக்கே இழுக்கு என்றும் கடிந்தார்.

அவர் வாழ்வோ அந்த மூன்றுக்கும் ஒன்பதுக்கும் கட்டுப்படவில்லை. வாணிகம் செய்துவந்த இளவல் தாவூது இந்துமாக்கடலில் மூழ்கி மாண்டார். குடும்பப் பொருளும், பிறர் நம்பி ஒப்படைத்த பணமும் அவரோடு மூழ்கின. தமையனார் ஓராண்டுக் காலம் நோயிற் கிடந்தார். பின்னர் மருத்துவமே அவருக்குப் பிழைப்பாயிற்று.

1199-ஆம் ஆண்டு, தம் நூலொன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஸமுவேல் இப்னு திப்பனுக்கு அவர் எழுதிய மடல் இன்றும் உள்ளது. தாம் வசிப்பது ஃபுஸ்தாத்தில். சுல்தான் இருப்பது காஹிராவில். நாள்தோறும் அதிகாலையில் அரண்மனைக்குப் புறப்பட்டால் திரும்பப் பிற்பகலாகிவிடும். பசியோடு வந்தால் வாயிற்கூடம் நிறைய நோயாளிகள். கை கழுவி, அவர்களிடம் சற்றுப் பொறுக்குமாறு வேண்டி, ஒரு நாளுக்குரிய ஒரே உணவைச் சிறிதளவு உண்டு, இருட்டிய பின்னும் களைப்பால் படுத்தவாறே மருந்து எழுதித் தருவாராம். கற்பதற்கென வாய்த்தது சனிக்கிழமை ஒன்றே. அன்று தொழுகை முடிந்ததும் ஊரார் அவர் இல்லத்திற் கூடுவர். நண்பகல் வரை சேர்ந்திருந்து சிறிது கற்பர்.