வட்டப்பாலையும் இசைத்தட்டு இணைப்பும்

தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நடந்து சென்றோர்க்கு ஓர் அனுபவம் இருக்கும். துணிக்கடை ஒன்றின் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு; அடுத்த நகைக்கடையில் வேறொரு பாட்டு. ஐந்தடியில் நாம் நடக்க நடக்க முன்னது தேயும், பின்னது வளரும். இரண்டும் சமமாகக் கேட்கும் நாலைந்து அடி தூரம் பெரும்பாலும் காதுக்குத் துன்பம். ஆனால் எப்போதாவது ஒருமுறை, முதற்பாட்டின் வயிற்றிலிருந்தே இரண்டாம் பாட்டுப் பிறந்தது போலத் தோன்றி நம்மை நிற்க வைத்துவிடும். அந்த ஒருமுறை மட்டும் ஏன் அவ்வாறு நேர்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

இரு பாடல்களை இடைவெளியின்றி ஒன்றினுள் ஒன்றாகச் செலுத்துவோரை இளைஞர் டிஜே என்று வழங்குவர். அவர் செய்கையைக் 'கலவை' என்று மொழிபெயர்ப்பது எனக்கு உடன்பாடன்று. சுண்ணாம்பும் மணலும் கலந்தபின் பிரித்தறிய இயலாது. இங்கோ இரு பாடல்களும் தத்தம் உருவோடு நின்றே சேர்கின்றன. பூவைக் கோப்பது போன்ற செயலாதலின் 'இணைப்பு' என்றே இங்கு எழுதுகிறேன். இதிலும் துள்ளிசையை விட்டுவிட்டு, 'சைக்கடெலிக் சில் அவுட்' எனப்படும் மெதுநடை இசையையே எடுத்துக்கொள்கிறேன். சைக்கடெலிக் என்பது 1956இல் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநோய் மருத்துவர், உள்ளம், வெளிப்படுத்தல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி ஆக்கிய சொல். போதைப்பொருள் ஆராய்ச்சியில் பிறந்த அச்சொல் பின்னர் இசைக்கு வந்தது. இசையைச் சுவைக்க அப்பொருள் வேண்டுவதில்லை.

இரண்டு சுழல்தட்டுகளை அருகருகே வைத்து மாற்றி மாற்றி இயக்கும் வழக்கம் வானொலி நிலையத்தில் இயல்பானது. மலாயா வானொலி 1946 ஏப்ரல் முதல் நாள் தொடங்கியது; மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதில் ஒலித்தது; 1959இல் அது கோலாலம்பூரில் நிலைகொண்டது. அங்கு ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டுத் தொடங்குமுன் அறிவிப்பாளரின் குரல் வந்து இடையை நிரப்பும். படம் எது, பாடியவர் யார், விரும்பிக் கேட்டவர் எந்தத் தோட்டத்தார் என்னும் செய்திகளே இரு பாடல்களுக்கும் பாலமாயின. நம் செவிக்குப் பழகிய இணைப்பு, சொல்லால் ஆன இணைப்பு.

சொல்லின்றி இணைக்கும் வழியை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் நியூயார்க்கின் பிரான்சிஸ் கிராசோ. 1960களின் இறுதியில் சாங்சுவரி என்னும் நடன அரங்கில், அடுத்த இசைத்தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி, தாளம் ஒத்த நொடியில் விடுவிக்கும் முறையை அவர் கையாண்டார். 1972இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 சுழல்தட்டும், அதன் வேகத்தை நூற்றுக்கு எட்டுப் பங்குவரை கூட்டவோ குறைக்கவோ வல்ல 1979ஆம் ஆண்டின் திருத்த வடிவும் அம்முறையை உலகெங்கும் பரப்பின. லயம் ஒத்தால் போதும், மற்றவை தாமே ஒக்கும் என்பது அவர்தம் கொள்கை. ஆடுவோர்க்கு அது போதும்.

மெதுநடை இசைக்குப் போதாது. நிமிடத்திற்கு 90 தாள அடி கொண்ட பாட்டையும் 91 கொண்ட பாட்டையும் ஒன்றாக ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் ஓர் அடி முழுதாக விலகிப்போகும். நடன அரங்கில் இணைப்பு அரை நிமிடத்தில் முடிந்துவிடலாம். இங்கோ மூன்று நான்கு நிமிடம் இரு பாடல்களும் உடன் ஓடும். சரி, வேகத்தைத் திருத்திக்கொள்வோம் என்றால் வேறோர் இடர் வரும். சுழல்தட்டின் வேகத்தை நூற்றுக்கு ஆறு பங்கு கூட்டினால் பாட்டின் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் ஏறிவிடும். லயத்தைச் சேர்க்கப் போய்ச் சுருதியைக் கெடுத்த கதையாகும். வேகம் மாறினும் சுருதி மாறாத கணினிக் கருவிகள் இன்று உண்டு. எனினும் மிகுதியாக இழுத்தால் குரலும் குழலும் சிதைந்து ஒலிப்பதைக் கூர்ந்த செவி கண்டுகொள்ளும்.

இந்த இடரைத் தாண்டியவர்கள் யார்? இலண்டன் என்றே பலரும் எழுதுவர். பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென ஆக்கிய தாளமற்ற இசையும், 1989இல் இலண்டன் ஹெவன் அரங்கில் ஆடிக் களைத்தோர்க்கென ஒதுக்கிய அறையில் அலெக்ஸ் பேட்டர்சனும் ஜிம்மி காட்டியும் நடத்திய இசையிரவுகளும், 1990இல் கே.எல்.எப். குழு 'சில் அவுட்' என்னும் பெயரில் நாற்பது நிமிடத்துக்கு மேல் அறுபடாமல் ஓடும் ஒரே தொடராக வெளியிட்ட தட்டும் மறுக்க முடியாத சான்றுகளே. ஆனால் அவற்றோடு இந்தியக் கடற்கரை ஒன்றையும் சேர்த்தே எண்ண வேண்டும். அது கோவாவின் அஞ்சுனா.

1980களில் அங்கு விடியவிடிய இசை நடத்தியவர்கள், கோவா கில் என்று பெயர்பெற்ற அமெரிக்கர் உட்பட, பெரும்பாலும் இசைத்தட்டுகளைக் கையாளவில்லை. வெப்பமும் புழுதியும் மிகுந்த கடற்கரைக்கு அவை ஏற்றவை அல்ல. ஒலிநாடாக்களையும், 1987இல் சோனி வெளியிட்ட டாட் என்னும் எண்முறை நாடாவையுமே கொண்டு நடத்தினர். அவர்கள் கையாண்ட நாடாக் கருவிகளில் லயத்தைக் கையால் திருத்தும் வசதி இல்லை. ஆகவே ஒரு பாட்டின் தாளம் ஓய்ந்து நெடிய ஒலி மட்டும் நிற்கும்வரை காத்திருந்து, அதன்மேல் அடுத்த பாட்டின் தாளமற்ற தொடக்கத்தை மெல்ல ஏற்றினர். அவ்விசையை ஆக்கியோரும் முன்னும் பின்னும் அதற்கு இடம் விட்டே ஆக்கலாயினர். கருவியின் குறையே கலையின் இலக்கணமாயிற்று. லயத்தால் சேராதது சுருதியால் சேரும் என்பதை அவர்கள் கண்டது இப்படித்தான்.

இது நமக்குப் புதிதா? தைப்பூசத்துக்கு முந்திய இரவு கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்கு ஊர்ந்து செல்லும் வெள்ளித் தேரின்முன் நாதசுரம் கேட்டவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். கோயிற் புறப்பாட்டுக்குரிய மரபின்படி கம்பீர நாட்டையில் மல்லாரி முழங்கும், தவில் ஓயும், இராக ஆலாபனை தாளமின்றி விரியும், அதன் முடிவில் வேறொரு தாளத்தில் உருப்படி எழும். தாளத்திலிருந்து தாளத்திற்கு நேரே தாவுவதில்லை. நடுவே தாளமற்ற ஆலாபனை. அடியில் அறாத ஒத்து. ஒத்து என்னும் குழலின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்ட பின்னும் முறை மாறவில்லை. அஞ்சுனாவில் நெடிய ஒலி செய்த வேலையை இங்கு ஒத்துச் செய்கிறது.

சுருதியால் சேர்ப்பது என்றால் எந்தச் சுருதியோடு எது சேரும்? இங்கேதான் தமிழாசிரியர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். டிஜேக்கள் இன்று கைக்கொள்ளும் கேம்லாட் சக்கரம் என்பதைப் பாருங்கள். மார்க் டேவிஸ் என்பவர் அமைத்தது. கடிகார முகம் போல 1 முதல் 12 வரை வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் உள்வட்டம், வெளிவட்டம் என இரு அறைகள். பாட்டு எட்டாம் வீட்டில் இருந்தால் ஏழாம் வீட்டிலோ ஒன்பதாம் வீட்டிலோ உள்ள பாட்டோடு இசையும். அல்லது அதே வீட்டின் மற்ற அறையோடு இசையும். அடுத்தடுத்த வீடுகளின் உறவு ச-ப உறவு. அதாவது குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு.

பன்னிரு வீடும் இளி உறவும் என்றவுடன் வட்டப்பாலை நினைவுக்கு வாராதா? சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஆயர் மகளிர் எழுவரை வட்டமாக நிறுத்தி அவர்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரை இடுகிறாள். குரலை மாயவன் என்றும், இளியைப் பலதேவன் என்றும், துத்தத்தைப் பின்னை என்றும் கொள்கிறாள். குரலுக்கு இளி ஐந்தாவது. இளிக்குத் துத்தம் ஐந்தாவது. தெய்வப் பெயர் பெற்ற மூவரும் இளிக்கிரமத்தில் அடுத்தடுத்து நிற்பவர்கள். அவர்கள் நின்ற வட்டத்தை உரைகாரர் பன்னிரு இராசிகளில் வைத்து விளக்கினர். ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்திலும், விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ்நூலிலும் அதை விரிவாக ஆராய்ந்தனர்.

இவ்வளவைக் கொண்டு 'டிஜே கலையையும் நம் முன்னோரே கண்டனர்' என மார்தட்டப் புறப்படுவோர் சற்றுப் பொறுக்க. வேறுபாடு உண்டு. வட்டப்பாலையின் வீடுகள் அரைச்சுர வரிசையில் அமைந்தவை. தொடங்கும் வீட்டையும் சேர்த்து எண்ணினால் எட்டாம் வீடே இளி. கேம்லாட் சக்கரத்திலோ அடுத்த வீடே இளி. அங்கு ஒரு வீடு தள்ளினால் ஏழு சுரத்துள் ஒன்று மாறும். நம் பாலைத் திரிபிலோ ஏழும் மாறாமல் நிற்க, எதைக் குரலாகக் கொள்கிறோம் என்பது மட்டும் மாறும். ஆகவே சக்கரத்தில் நம் பாலைத் திரிபுக்கு நேரானது பக்கத்து வீடன்று. ஒரே வீட்டின் உள்ளறைக்கும் வெளியறைக்கும் உள்ள பெயர்ச்சியே. சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதாரமாக்கினால் நடபைரவி தோன்றுவதை இசை பயின்றோர் அறிவர். டிஜேக்கள் இதையே ஒரே எண்ணில் அறை மாறுதல் என்கின்றனர்.

பிரிக்பீல்ட்சில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இரவில் மடிக்கணினியில் இவ்வாறு இசை இணைப்பவர். அரங்கேற்று காதையின் இசைப்பகுதி வந்தபோது, தேர்வுக்கு வராது என்று எண்ணி நான் விரைந்து கடந்தேன். பாலைத் திரிபு என்றால் என்ன என்று அவர் கேட்டார். உரையைப் படித்துக் காட்டினேனே அன்றி ஒலித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை. மறுவாரம் அவர் இரு பாடல்களைக் கொண்டுவந்தார். ஒன்றின் ஒலி நீண்டு நிற்க, மற்றது அதனுள்ளிருந்து மெல்ல எழுந்தது. முதற்பாட்டின் அடித்தொனியை முற்றிலும் குறைத்த பிறகே இரண்டாவதன் அடித்தொனியை ஏற்றினார். இரண்டு தவில் ஒருங்கே அறைந்தால் குழம்புமல்லவா, அதுபோல என்றார். சுரங்கள் ஏழும் அவையே. நிற்கும் இடம் மட்டும் பெயர்ந்திருந்தது. "இதற்கு நாங்கள் எண்தான் வைத்திருக்கிறோம், ஐயா, பெயர் இல்லை" என்றார்.

பெயர் என்னிடம் இருந்தது. ஒலி அவரிடம் இருந்தது. செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என ஏழையும் கரும்பலகையில் எழுதினேன். எந்தப் பாலை இன்றைய எந்த இராகம் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதையும் சொன்னேன். அவர் ஏழையும் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாடல்கள் தேடப் போவதாகச் சொல்லிச் சென்றார்.