'பிராண்ட்' என்ற ஒரு சொல்லும் நாம் மறந்த நாலு சொற்களும்



பி.காம். படிக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேர மார்க்கெட்டிங் வகுப்பில் 'பிராண்ட்' என்ற சொல் எத்தனை முறை வரும் என்று. பிராண்ட் இமேஜ், பிராண்ட் வேல்யூ, பிராண்ட் லாயல்டி... போதாக்குறைக்கு "நீயே ஒரு பிராண்ட்" என்று வேறு சொல்கிறார்கள். எங்கள் ஐயப்பன்தாங்கல் பக்கம் புதிதாகத் திறக்கிற டீக்கடையும் தன்னைப் பிராண்ட் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால் கடைசியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

மாற்றுச் சொல் தேடி அகராதியைப் புரட்டினால் 'வணிகச் சின்னம்', 'வணிகக் குறி' கிடைக்கும். பரீட்சையில் எழுதலாம். அண்ணாச்சி கடையில் போய்ச் சொல்ல முடியுமா? :-) அதனால் வேறு வழியில் தேடினேன். இந்தச் சொல் வருவதற்கு முன்னால் நம்ம ஊர் வியாபாரத்தில் என்ன சொன்னார்கள்?

முதல் சொல், பொறி. ஆங்கில 'பிராண்ட்' என்பதன் வேர் 'எரித்தல்'. மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்ததில் இருந்து வந்தது. தமிழிலும் பொறி என்றால் தீப்பொறி; பொறித்த அடையாளமும் பொறிதான். காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அதிகாரிகள் சரக்கு மூட்டைகளின் மேல் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். அது வியாபாரியின் அடையாளம் இல்லை, அரசாங்கத்தின் அடையாளம். இன்றைய ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இரண்டாவது, மார்க்கு. இதுவும் ஆங்கிலம்தான், ஆனால் நம் வாயில் புரண்டு நம்முடையதாகவே ஆகிவிட்டது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று சிவகாசி திரும்பினார்கள். அதற்குப் பிறகு வந்த தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களில் எத்தனை மிருகங்கள், பறவைகள்! காளீஸ்வரி பட்டாசில் சேவல் இருக்கும். காரணம் எளிது. 1951 கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். மற்றவர்கள் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். ஆக, மார்க்கு என்பது கண்ணால் கண்டுபிடிக்கிற அடையாளம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, விலாசம். நமக்கு விலாசம் என்றால் முகவரி. நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கு அது கடையின் தொழில்பெயரும்கூட. முதலாளியின் பெயர், அவருடைய முன்னோர் பெயர் இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் விலாசம். பர்மா, மலேயா, இலங்கை எங்கும் அவர்களுடைய லேவாதேவிக் கடைகள் இந்த எழுத்துகளில்தான் நடந்தன. மூன்று வருடக் கணக்கில் போன ஏஜெண்டு கொடுக்கல் வாங்கல் செய்தாலும் பொறுப்பு விலாசத்துக்குரிய முதலாளிக்குத்தான். அதாவது, அந்தப் பெயரைப் பார்த்தால் யாரைப் போய்க் கேட்பது என்று தெரியும். பிராண்ட் இதைச் சொல்லுமா?

இதற்கு நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஏ.எம். முருகப்ப செட்டியார் 1900-ல் பர்மாவில் லேவாதேவி தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படை வருவதற்கு முன்பே அந்தக் குடும்பம் மூலதனத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை அம்பத்தூரில். சைக்கிள் வாங்கியவர் ஏ.எம்.எம். என்று கேட்கவில்லை, 'ஹெர்குலிஸ்' என்று கேட்டார். விலாசத்தில் நடந்த குடும்பத் தொழில் ஒரே தலைமுறையில் பிராண்டுக்கு மாறிவிட்டது. (ஏ.எம்.எம். என்ற எழுத்துகள் அவர்களுடைய அறக்கட்டளையின் பெயரில் இருக்கின்றன.)

அப்போ விலாசம் நல்லது, பிராண்ட் கெட்டதா? அப்படிச் சொல்ல மாட்டேன். விலாசம் என்பது குடும்பமும் சாதியும் சேர்ந்து கொடுத்த நம்பிக்கை. வெளி ஆள் அதற்குள் நுழைய முடியாது. பதிவு செய்த வணிகச் சின்னம் அப்படி இல்லை. 1876 ஜனவரி 1-ம் தேதி இங்கிலாந்தில் பாஸ் மதுபான நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் முதல் சின்னமாகப் பதிவானது. இந்தியாவில் 1940-ல் வணிகச் சின்னச் சட்டம் வந்தது. பாட்டன் பெயர் இல்லாதவனும் தன் சரக்குக்குப் பெயர் வைத்துக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது சின்ன விஷயமா? என்னைப் போல வியாபாரப் பின்னணி இல்லாத வீட்டுப் பையன்களுக்கு அதுதான் கதவு.

ஆனால் அந்தக் கதவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெயரை மட்டும் தனியாக விற்கலாம், வாங்கலாம். இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்ட் கம்பெனி மூடிப்போனது; 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய தொழிலால் பெயர் பிழைத்துக்கொண்டது. செய்கிற கை மாறினாலும் பெயர் மாறாது.

நாலாவது சொல் ரொம்பச் சாதாரணம்: பேர். "பேர் கெட்டுப்போயிடும்பா" என்று கடைக்காரர் சொல்கிறாரே, அதற்குள் பிராண்ட் வேல்யூ பாடம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

புதுச்சொல் நிலைக்காது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிண்டியில் இருக்கும் பதிவகம் 2004-ல் டார்ஜிலிங் தேயிலையில் தொடங்கிக் கொடுத்துவருகிற அங்கீகாரத்துக்குப் 'புவிசார் குறியீடு' என்று தமிழில் பெயர் வைத்தார்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் அது கிடைத்தபோது பத்திரிகைகள் எல்லாம் அப்படியேதான் எழுதின. யாருக்கும் புரியாமல் போகவில்லை.

என் கருத்து இதுதான். 'பிராண்ட்' என்பதற்கு ஒரே ஒரு மாற்றுச் சொல் தேட வேண்டாம். தரத்துக்கு அரசு சாட்சி என்றால் முத்திரை. கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் என்றால் மார்க்கு. ஜனங்களிடம் சம்பாதித்த மதிப்பு என்றால் பேர். பொறுப்பேற்கும் ஆள் யார் என்று கேட்டால் விலாசம். அடுத்த முறை யாராவது "இது பெரிய பிராண்ட்" என்று சொன்னால், இந்த நாலில் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள்.