செத்தவர் பெயரில் நிலம்: பஞ்சமி நிலமும் வாரிசுரிமையும்

பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் பறித்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் பறிப்பு எந்தக் கணத்தில் நடக்கிறது? நான் பார்த்தவரையில் அது பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகு நடக்கிறது.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் அரசாணை வந்தது. இப்படி வழங்கப்பட்ட நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது; பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. 1994இல் காரணை நிலமீட்புப் போராட்டத்தையொட்டிச் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

அந்த நிபந்தனை விற்பனையைப் பார்த்தது, சாவைப் பார்க்கவில்லை. எங்க ஆயாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பட்டா இருந்தது, அதன் மாமனார் பெயரில். அவர் செத்த பிறகு யாரும் வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை, பட்டா மாற்றவில்லை. ‘நெலம் நம்மளுதுன்னு ஊருக்கே தெரியும், காகிதம் இன்னாத்துக்கு?’ என்று சொல்லும். 1980களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைத் திருத்தி எழுதியபோது அந்த இடத்தில் வேறொருவர் பெயர் ஏறியிருந்தது.

இதை ‘அறியாமை’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. தலைமுறைகளாக உடைமையே மறுக்கப்பட்டவர்களிடம் உயில் எழுதும் பழக்கம் எங்கிருந்து வரும்? ஊர்க்கணக்கும் ஆதிக்க சாதிகளின் கையில் அல்லவா இருந்தது? செத்தவர் பெயரிலேயே கிடக்கும் பட்டா, மோசடி நுழைவதற்குத் திறந்துவைத்த வாசல்.

நம்முடைய பங்கையும் பேச வேண்டும். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவரது சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. சேரியிலோ அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள்; பெண்பிள்ளை கணக்கிலேயே வருவதில்லை. இங்கே பறிப்பவர்கள் நாம்தான்.

அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு இன்னொரு வகையில் நம்மை வெட்டுகிறது. மகன் கிறிஸ்தவராக மாறினால் அவன் உரிமை போகாது. ஆனால் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகள், வாரிசுரிமை எழும் நாளில் இந்துவாக இல்லாவிட்டால், இந்துத் தாத்தாவுக்கு வாரிசாக முடியாது. அந்தப் பேரப்பிள்ளைக்கு ஏதாவது போய்ச்சேர வேண்டுமென்றால் தாத்தா உயிரோடு இருக்கும்போதே உயில் எழுதியாக வேண்டும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. கைநாட்டு போதும், இரண்டு சாட்சிகள் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அந்த உதவி நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சேரிக்குக் கூட்டிவருவதும், வீடுவீடாக வாரிசுகளின் பெயரை எழுதிவைப்பதும் நிலமீட்பு அரசியலின் வேலைதான்.

எங்க அம்மாவிடம் உயில் பேச்சை எடுத்தேன். ‘என்ன இப்பவே சாவச் சொல்றியாடா?’ என்று கேட்டுவிட்டு ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து சொன்னாள்: ‘எழுது. உன் தங்கச்சி பேர மொதல்ல எழுது.’