எண்ணெய் ஒழுகிய பொற்காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மோட்டார் சைக்கிள் தொழிலின் தலைநகர் என்று பர்மிங்ஹாமைச் சொல்லலாம். ஸ்மால் ஹீத் பகுதியில் பி.எஸ்.ஏ., பிரேஸ்பிரிட்ஜ் தெருவில் நார்ட்டன், ஹால் கிரீனில் வெலோசெட், நகருக்கு வெளியே மெரிடனில் டிரையம்ஃப், ரெட்டிச் ஊரில் ராயல் என்ஃபீல்டு என்று இருபது மைல் தூரத்துக்குள் ஐந்து பெரிய ஆலைகள். லண்டனை ஒட்டிய பிளம்ஸ்டெட்டில் மேட்ச்லெஸ், ஸ்டீவனேஜில் வின்சென்ட் போன்றவை இந்த வட்டத்துக்கு வெளியே இருந்தன.

இவற்றில் பல, மோட்டார் சைக்கிள் செய்வதற்காகத் தொடங்கப்பட்டவையே அல்ல. பி.எஸ்.ஏ. 1861இல் துப்பாக்கித் தொழிலாளிகள் கூடி உருவாக்கிய நிறுவனம். அதன் சின்னத்தில் கடைசிவரை மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நின்றன. அரசின் என்ஃபீல்டு துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த உறவில் வந்ததுதான் ராயல் என்ஃபீல்டின் பெயர். 1901இல் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்ட அந்த நிறுவனம் பீரங்கியையே சின்னமாக வைத்துக்கொண்டது. டிரையம்ஃபைத் தொடங்கிய சீக்ஃபிரீட் பெட்மன், ஜெர்மனியின் நியூரம்பர்க்கிலிருந்து வந்த சைக்கிள் வியாபாரி. இரும்பை வார்க்கவும் கடையவும் தெரிந்த கைகள் அந்த வட்டாரத்தில் ஏராளம்.

முப்பதுகள் வரை பிரிட்டிஷ் வண்டி என்றால் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர்தான். 1937இல் எட்வர்ட் டர்னர் டிரையம்ஃபுக்காக வடிவமைத்த ‘ஸ்பீட் ட்வின்’ அதை மாற்றியது. 498 சிசி, இரண்டு சிலிண்டர். ஆனால் ஒற்றை சிலிண்டர் வண்டியின் சட்டத்திலேயே அடங்கிவிடும் அளவுக்குச் சிறிய என்ஜின். வேகமும் கூடியது, விலையும் கைக்கெட்டியது. மற்ற நிறுவனங்களும் பிறகு இந்த வார்ப்பையே பின்பற்றின. ஒரு குறையும் கூடவே வந்தது. இரு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியதால், வேகம் கூடக் கூடக் கைப்பிடியும் கால்மிதியும் அதிர்ந்தன.

போர் இந்தத் தொழிலை அடித்தது, வளர்த்தும் விட்டது. 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் கவென்ட்ரி நகரைத் தகர்த்தபோது அங்கிருந்த டிரையம்ஃப் ஆலையும் சிதைந்தது. 1942இல் மெரிடனில் புதிய ஆலை எழுந்தது. பி.எஸ்.ஏ. தன் எம்20 வண்டியை ராணுவத்துக்காக 1,26,000 அளவில் செய்து குவித்தது. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. காக்கிப் பச்சையைச் சுரண்டிவிட்டுக் கறுப்பு வண்ணம் அடித்த பழைய எம்20தான் ஒரு தலைமுறை பிரிட்டிஷ் இளைஞர்களின் முதல் வண்டி.

அதைவிட எளிய தொடக்கம் 1948இல் வந்த பி.எஸ்.ஏ. பான்டம். ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்டி125 வண்டியின் வரைபடங்கள் போர் இழப்பீடாகக் கைக்கு வர, அதை அப்படியே இடம் வலம் மாற்றி உருவாக்கிய 125 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி அது. தந்தி கொண்டுபோன அஞ்சல் துறைப் பையன்கள் சிவப்பு பான்டம்களில் ஓட்டப் பழகினார்கள். இதே ஜெர்மானிய மூலத்தை வைத்துத்தான் யமஹா 1955இல் தன் முதல் வண்டியைச் செய்தது. ஒரே பாடத்தை இரண்டு பேர் படித்தார்கள். ஒருவர் மட்டும் மேல் வகுப்புக்குப் போனார்.

பெரிய வண்டியில் முதல் சவாரி பற்றிப் பேசும் பழைய ஓட்டுநர்கள் சாலையைவிட, புறப்படுவதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களைத்தான் அதிகம் விவரிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. 500 சிசி ஒற்றை சிலிண்டரை உயிர்ப்பிப்பது தனி வித்தை. முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தின் மேலுள்ள சிறு குமிழை விரல் நனையும் வரை அமுக்க வேண்டும். கைப்பிடியருகே ஒரு சிறிய லீவர் தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் நகர்த்தும். அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பிறகு கிக்கரை மெல்ல மிதித்து, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் முட்டி நிற்கும் இடத்தைக் காலால் உணர வேண்டும். வால்வைத் திறக்கும் இன்னொரு லீவரைப் பிடித்து அந்த உச்சியைச் சற்றே கடக்கவைத்து, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடல் எடை முழுவதையும் இறக்கி ஒரே மிதி.

இதில் ஒன்றை மறந்தாலும் வண்டி கிளம்பாது. தீப்பொறி நேரத்தைப் பின்தள்ள மறந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர்களும் உண்டு. கடைக்காரரோ அண்ணனோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பாடம் இது. கையேட்டைப் படித்து மட்டும் கற்றவர்கள் குறைவு. கிளம்பிய பின்னும் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்.

1961 வரை பழகுநர் உரிமம் வைத்திருக்கும் பையன்கூட எந்த சிசி வண்டியையும் ஓட்டலாம் என்பது பிரிட்டிஷ் சட்டம். அந்தச் சலுகையின் பலன் லண்டனின் நார்த் சர்குலர் சாலையில் தெரிந்தது. அங்கே 1938இல் லாரி ஓட்டுநர்களுக்காகத் திறந்த ஏஸ் கஃபே, ஐம்பதுகளில் இளைஞர்களின் கூடாரமாயிற்று. மணிக்கு நூறு மைலைத் தொட்டவனுக்கே அங்கு மரியாதை. கடையில் வாங்கிய வண்டியை அப்படியே ஓட்டுவது அவர்களுக்கு இழுக்கு. டிரையம்ஃப் என்ஜினை உருவி, மக்கேண்ட்லஸ் சகோதரர்கள் நார்ட்டனுக்கு வடிவமைத்த ‘ஃபெதர்பெட்’ சட்டத்தில் பொருத்தினால் அது ‘ட்ரைட்டன்’. பணம் இருப்பவன் பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்டார் வாங்கினான். அதன் பிந்தைய பந்தய வடிவங்களில் முதல் கியரிலேயே அறுபது மைலை நெருங்கலாம், நகரத்துப் போக்குவரத்தில் ஊர்ந்து போவதோ பெரும் தண்டனை. விபத்துகள் பெருகின. 1961இல் பழகுநர்களுக்கு 250 சிசி என்று வரம்பு வந்தது.

வேகத்தின் உச்சி அதற்கு முன்பே தொடப்பட்டிருந்தது. 1948இல் வந்த வின்சென்ட் பிளாக் ஷேடோ, 998 சிசி, மணிக்கு 125 மைல் ஓடியது. அதன் விலை சாமானியருக்கு எட்டாதது. 1955இல் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் தயாரிப்பை நிறுத்தியது. அந்த வண்டியை நினைவுகூர்பவர்களில் பலர், அது கடந்து போவதைப் பார்த்தவர்கள்தான்.

குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பிரிட்டிஷ் என்ஜினின் அடிப்பெட்டி செங்குத்தாகப் பிளந்து இணைக்கப்பட்டது. இணைப்புக்கோடு எண்ணெய் தேங்கும் அடிப்பகுதி வழியாகவே போனது. காகித கேஸ்கெட்டும் வயதான கடைசல் எந்திரங்களும் சேர்ந்து, நிறுத்திய இடத்திலெல்லாம் எண்ணெய்த் திட்டு விழுந்தது. வீட்டு நடையில் வண்டி விடுபவர் அடியில் ஒரு தட்டு வைப்பது வழக்கம். மின்சாதனம் செய்துகொடுத்த லூகாஸ் நிறுவனத்துக்கு ‘இருளின் இளவரசன்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் அநியாயமான பட்டம். ஆனால் இரவில் விளக்கணைந்து நின்றவரிடம் அதைச் சொல்ல முடியாது.

இந்தக் குறைகளோடு வாழ்ந்தவர்கள் கருவிப் பையைத் திறந்து சாலையோரத்தில் பழுது பார்க்கக் கற்றார்கள். நினைவுகள் இவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்கு அந்த உழைப்பே காரணம் என்று தோன்றுகிறது. தொழிலைப் பொறுத்தவரை அதே குறைகள் பாடையாயின.

ஹோண்டா 1959இல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் முதன்முதலாகக் களமிறங்கியது. 1961இல் 125, 250 சிசி இரு பிரிவுகளையும் வென்றது. எட்வர்ட் டர்னர் 1960இலேயே ஜப்பானுக்குப் போய் ஆலைகளைப் பார்த்து எச்சரித்திருந்தார். ஆனால் சின்ன வண்டியில் ஜப்பானியர் பழக்கிவிடுவார்கள், பெரிய வண்டிக்கு நம்மிடம்தான் வருவார்கள் என்பது நிர்வாகத்தில் பலரின் கணக்கு. 1969இல் வந்த ஹோண்டா சிபி750 அந்தக் கணக்கைத் தீர்த்துவைத்தது. நான்கு சிலிண்டர், முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக், பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட். என்ஜினின் அடிப்பெட்டி கிடைமட்டமாகப் பிளந்து இணைக்கப்பட்டதால் எண்ணெய் ஒழுகவில்லை. இதற்கிடையில் மினி போன்ற மலிவுக் கார்கள், சைடுகார் பூட்டிய வண்டியில் குடும்பத்தோடு போனவர்களை இழுத்துக்கொண்டன.

பிறகு சரிவு வேகமானது. 1967இல் ரெட்டிச் ஆலை மூடியது. 1971இல் வெலோசெட் போயிற்று. பி.எஸ்.ஏ. நொடித்து 1973இல் நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ஃப் என்ற கூட்டமைப்பில் கரைந்தது. அதே ஆண்டு மெரிடனை மூடப்போவதாக அறிவிப்பு வந்தபோது தொழிலாளர்கள் ஆலையை மறித்து உட்கார்ந்தார்கள். அரசுக் கடனுதவியோடு அவர்கள் அமைத்த கூட்டுறவு 1975 முதல் 1983 வரை டிரையம்ஃபின் பான்வில் வண்டிகளைச் செய்தது. புதிய என்ஜினுக்குப் பணமில்லை. பழையதை வைத்தே எட்டு ஆண்டுகள் ஓட்டியது சாதனைதான்.

ராயல் என்ஃபீல்டின் கதை மட்டும் வேறு ஊரில் தொடர்ந்தது. 1949 முதல் ரெட்டிச் வண்டிகளை விற்றுவந்த மெட்ராஸ் மோட்டார்ஸ், இந்திய ராணுவம் 800 புல்லட்களுக்கு ஆர்டர் கொடுத்ததையடுத்து, 1955இல் தாய் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. படிப்படியாகத் திருவொற்றியூர் ஆலையே எல்லாவற்றையும் செய்தது. ரெட்டிச் மூடிப் பத்தாண்டு கழித்து, 1977இல், சென்னையிலிருந்து புல்லட் பிரிட்டனுக்கு ஏற்றுமதியானது. வாங்கியவர்களில் பலர் இளமையில் ஓட்டியதையே மறுபடி புதிதாக வாங்கினார்கள்.

அந்த வண்டி கிளம்பும் முறையும் மாறவில்லை. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை வால்வைத் திறக்கும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக் கிக்கரை நகர்த்தி, விட்டு, உதைக்க வேண்டும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே, எல்லாம் வலக்காலில். தமிழ்நாட்டில் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ புல்லட் பழகிய பலர் ரெட்டிச்சின் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். பிரிட்டிஷ் ஓட்டுநர் சொல்லும் அதே கதையை அவர்களும் சொல்கிறார்கள். வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய என்ஜின் 2010 வாக்கில் நின்றது.

பிரிட்டனில் பழைய வண்டிகளைக் காக்கும் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் 1946இலேயே தொடங்கிவிட்டது. வின்சென்ட் உரிமையாளர் சங்கத்தின் உதிரிபாக நிறுவனம், தான் செய்யும் பாகங்களைக் கொண்டே முழு பிளாக் ஷேடோ ஒன்றைப் புதிதாகக் கட்டியது. 1983இல் டிரையம்ஃப் பெயரை வாங்கிய ஜான் புளூர், ஹிங்க்லியில் புதிய ஆலை அமைத்து, 2001இல் பான்வில்லை மறுபடி கொண்டுவந்தார். அதன் என்ஜினில் எண்ணெய் ஒழுகவில்லை. பின்னர் எரிபொருளை உட்செலுத்தும் முறைக்கு மாறியபோது, அந்தக் கருவியைப் பழைய கார்புரேட்டர் போலத் தோன்றும் கூட்டுக்குள் மறைத்துவைத்து விற்றார்கள்.