பூஜ்யத்தை ஏன் அடிக்கக்கூடாது?

பக்கம் மாறினால் குறி மாறும். பள்ளியில் நாம் எல்லோரும் ஒப்பித்த மந்திரம். மதுராந்தகத்தில் எட்டாவது படிக்கும் அக்கா மகளும் 'எக்ஸ் + 5 = 20' கணக்கில் 5-ஐ அப்படித்தான் அந்தப் பக்கம் அனுப்புகிறாள். "ஏம்மா மாறுது?" என்றால், "அதான் மாமா ரூலு!"

உண்மையில் எதுவும் பக்கம் மாறுவதில்லை. இரண்டு பக்கமும் 5-ஐக் கழிக்கிறோம். சமமானவற்றிலிருந்து சமமானதைக் கழித்தால் மிச்சமும் சமம்; யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் இதை நிரூபிக்கத் தேவையில்லாத பொதுக்கருத்தாக வைத்தார். பாஸ்கரரின் பீஜகணிதத்துக்குச் சுமார் 1600-இல் உரை எழுதிய கிருஷ்ண தைவக்ஞரும் இதே காரணத்தைச் சொல்கிறார். சூத்திரத்தைச் சொன்னால் போதாது, அது ஏன் சரி என்றும் சொல்ல வேண்டும் என்பது உரைகாரர்களின் மரபு.

காரணம் எதற்கு, விடை வந்தால் போதாதா? பாஸ்கரரே 1150-இல் லீலாவதியில் ஒரு கணக்கு போடுகிறார். ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கு, வந்ததோடு அதில் பாதியைக் கூட்டு, மூன்றால் பெருக்கு, பூஜ்யத்தால் வகு. விடை 63 என்றால் அந்த எண் எது? அவர் விடை 14. பூஜ்யத்தால் பெருக்கிப் பிறகு பூஜ்யத்தாலேயே வகுத்தால் எண் மாறாமல் இருக்கும் என்பது அவர் விதி.

அந்த விதியை அப்படியே ஏற்றால் என்ன ஆகும்? 14-ஐப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் 15-ஐப் பெருக்கினாலும் வருவது பூஜ்யம்தான். இரண்டு பக்கமும் பூஜ்யத்தை அடித்துவிட்டால் 14-உம் 15-உம் சமம்! பாஸ்கரர் விஷயம் தெரியாதவர் இல்லை. இந்தக் கணக்கு கிரக கணிதத்துக்குப் பெரிதும் பயன்படும் என்கிறார். பூஜ்யத்தைப் பூஜ்யமாக எடுக்காமல், அதை நெருங்கிக்கொண்டே போகும் ஒரு சின்ன அளவாக எடுத்தால் 14 சரியான விடையேதான். ஆனால் அது வேறு விதி, அதற்கு வேறு காரணம் வேண்டும்.

நான் எழுதும் மென்பொருளிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி, தசம எண்களில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் 'எண் அல்ல' என்றொரு மதிப்பு வரும். அது தனக்கே சமம் இல்லை. எதுவும் தனக்குத்தானே சமம் என்ற முதல் பண்பே அங்கே உடைகிறது. அது தெரியாமல் இரண்டு மதிப்புகளை ஒப்பிட்டால் நிரல் தப்பான வழியில் போகும், பிழைச்செய்திகூட வராது.

பாடப்புத்தகத்தில் 'பூஜ்யம் அல்லாத எண்ணால் வகுக்க' என்று ஒரு சின்ன நிபந்தனை இருக்கும். மனப்பாடம் செய்தவருக்கு அது கண்ணில்படாது. விதி எங்கே செல்லும் என்பதை மந்திரமே சொல்லிவிடும். எங்கே செல்லாது என்பது காரணம் தெரிந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.