வண்டி கொடுத்தோம், வழி கொடுத்தோமா? தமிழகத்தில் நடை, சைக்கிள் பயணம் குறித்த அரசுக் கொள்கைகள்: ஓர் ஆய்வு

முன்னுரை

நடப்பவர்களையும் சைக்கிளில் செல்பவர்களையும் ஊக்குவிக்கப் போவதாக அரசு அறிவிக்கும்போது, அப்படிப்பட்டவர்கள் இனிமேல்தான் உருவாக வேண்டும் என்ற எண்ணம் அந்த அறிவிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. கணக்குகள் வேறு சொல்கின்றன. வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்கப்பட்டது. விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலான பிற தொழில்களில் இருப்போர் அளித்த விடைகளின்படி, நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நடந்தே வேலைக்குப் போயினர். ஏறத்தாழ எட்டில் ஒருவர் சைக்கிளில் போனார். காரில் போனவர்கள் 3 சதவீதம்கூட இல்லை. சென்னைப் பெருநகரில் 2008 வாக்கில் எடுக்கப்பட்ட போக்குவரத்து ஆய்வு, அன்றாடப் பயணங்களில் சுமார் 28 சதவீதம் நடையாகவும் 6 சதவீதம் சைக்கிளிலும் நிகழ்வதாகக் கணக்கிட்டது. அதாவது, மூன்று பயணங்களில் ஒன்றுக்கு எரிபொருளே தேவைப்படவில்லை.

ஆகவே, நடக்காதவர்களை நடக்க வைக்க அரசு என்ன செய்தது என்பதைவிட, நடந்துகொண்டிருந்தவர்களைச் சாலை விரட்டிவிடாமல் இருக்க என்ன செய்தது என்பதே முதன்மையான கேள்வி. 1991 முதல் 2025 வரை தமிழகத்தில் நடப்புக்கு வந்த திட்டங்களை இக்கட்டுரை அந்தக் கேள்வியோடு அணுகுகிறது. அவற்றை வண்டி வழங்கியவை, சாலையில் இடம் தர முயன்றவை, நடையை உடற்பயிற்சியாகக் கண்டவை என மூவகையாகப் பிரித்து, பின்னர் சட்டத்தின் நிலையை ஆராய்கிறது. ஒப்பீட்டுக்காகப் பிற மாநிலங்களும் ஓர் அயல்நாட்டு நகரமும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. வண்டி வழங்கிய கொள்கைகள்

1.1 புதுக்கோட்டை அனுபவம்

ஒரு காலத்தில் உள்ளாட்சி அமைப்புகள் சைக்கிளுக்கு வில்லை கொடுத்து வரி வசூலித்தன. விளக்கில்லாமல் போனாலும் ‘டபுள்ஸ்’ போனாலும் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. அரசின் கண்ணில் சைக்கிள் கண்காணிக்க வேண்டிய பொருளாக இருந்தது. அந்தப் பார்வையைத் தலைகீழாக்கியது புதுக்கோட்டை மாவட்டம்.

1990களின் தொடக்கத்தில் அங்கு நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் பழகுவதை எழுத்தறிவுப் பணியின் அங்கமாக்கினார். பெண் தொண்டர்களுக்குச் சைக்கிள் வாங்கக் கடன் ஏற்பாடானது. கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் எனப் பலதரப்பட்ட பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது அதில் கூடுதல் வசதி. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சமானது. விளைபொருள் விற்பவர்கள் ஒரே நாளில் கூடுதலான ஊர்களுக்குப் போய்வர முடிந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்த பிறகு புதுக்கோட்டை உலக அளவில் பேசப்பட்டது.

இந்த வெற்றிக்குப் பயிற்சி, கடன், ஊரார் முன்னிலையில் கிடைத்த ஏற்பு ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்ததே காரணம். நான்காவதாக ஒன்றும் இருந்தது. அதை யாரும் திட்டமிடவில்லை. அன்றைய கிராமச் சாலைகளில் வாகனம் குறைவு. புதிதாக ஓட்டப் பழகிய பெண்ணைப் பின்னாலிருந்து ஹாரன் அடித்து ஓரங்கட்ட ஆளில்லை. தானாகக் கிடைத்திருந்த இந்தச் சாலைப் பாதுகாப்பு, கொள்கை வகுத்தவர்களின் கணக்கில் வரவே இல்லை.

1.2 பள்ளி மிதிவண்டித் திட்டம்

2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம், 2005-06இல் அரசு, அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளிகளின் பிற வகுப்பு மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஆட்சிகள் மாறியும் திட்டம் நின்றுவிடவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்துவதற்குப் பள்ளியின் தொலைவும் ஒரு காரணம் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

இத்தகைய திட்டத்தின் பயனை அளந்து காட்டிய ஆய்வு பீகாரிலிருந்து வந்தது. அங்கு 2006இல் மாணவிகளுக்கெனத் தொடங்கிய சைக்கிள் திட்டத்தைப் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தனர். உயர்நிலைப் பள்ளியில் மாணவியர் சேர்க்கை 32 சதவீதம் கூடியதையும், சேர்க்கையில் ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்ததையும் கண்டனர். பள்ளி தொலைவாக இருந்த ஊர்களில்தான் பயன் அதிகம் தெரிந்தது. வண்டி வழங்குவது வெறும் கவர்ச்சித் திட்டம் என்ற வாதம் இந்த முடிவுகளின் முன் நிற்காது.

1.3 இவ்வகைக் கொள்கையின் எல்லை

ஆனால் இத்திட்டங்கள் கல்வித் துறைக்கும் நலத் துறைகளுக்கும் உரியவை. வழங்கிய சைக்கிள் எந்தச் சாலையில் ஓடும் என்ற கேள்வி அந்தத் துறைகளின் கோப்புகளில் இடம்பெறாது. இந்த முரண் முற்றிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வங்கம் சான்று. 2013இல் கொல்கத்தாவின் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை இருந்தது. அதே மாநில அரசு 2015இல் ‘சபுஜ் சாத்தி’ திட்டத்தைத் தொடங்கி மாணவர்களுக்குச் சைக்கிள் வழங்கியது. மாநிலத்தின் தலைநகரில் தடை, பள்ளிகளில் இலவசம்.

தமிழகத்தில் தடை இல்லை. தடை போட வேண்டிய தேவையும் எழவில்லை. நான்குவழிச் சாலையின் ஓரத்தில் லாரிகளுக்கும் சரிந்த மண்ணுக்கும் இடையே ஓட்ட நேரும் மாணவிக்கு, பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஸ்கூட்டர் வாங்கித் தருவதே பாதுகாப்பு என்று பெற்றோர் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவைச் சைக்கிள் மீதான வெறுப்பு என்று கொள்வது தவறு. சாலையின் நிலையைப் பார்த்து எடுத்த முடிவு அது.

2. இடம் தர முயன்ற கொள்கைகள்

2.1 காகிதத்தில் வந்த மாற்றம்

2006இல் வெளிவந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையிடத்தைப் பங்கிடும்போது வாகனங்களைவிட மனிதர்களையே மையமாகக் கொள்ள வேண்டும் என்று கூறியது. பஸ்ஸில் அறுபது பேரும் காரில் ஒருவரும் போகும் சாலையில், யாருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வியை அரசே எழுப்பியது அப்போதுதான். இந்தியச் சாலைப் பேரவை 2012இல் தன் நடைபாதை வழிகாட்டு நெறிகளைத் திருத்தி வெளியிட்டது. நடப்பதற்கென்று எந்த இடையூறும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பன அதன் அடிப்படை அளவுகள்.

2014இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் இது முன்னோடி. மாநகராட்சியின் போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது அதன் முதுகெலும்பு. 2018க்குள் 80 சதவீதச் சாலைகளில் நடைபாதை, நடை மற்றும் சைக்கிள் பயணங்களின் பங்கு 40 சதவீதத்துக்கு மேல், நடப்போரும் சைக்கிளோட்டிகளும் சாலையில் சாவதை அறவே ஒழித்தல் ஆகியவை அதன் இலக்குகள். 2018 வந்து போனது. சாலையில் நடப்பவர்கள் சாவது நிற்கவில்லை.

2.2 பாண்டி பஜார்

இக்கொள்கையின் கண்கூடான விளைவு தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம். சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 40 கோடி ரூபாயில் தியாகராய சாலையின் இருபுறமும் அகன்ற நடைபாதை எழுந்தது. வண்டிகளுக்கான இடம் சுருங்கினால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சத்தைத் தாண்டி, முதலில் சோதனையாகச் செய்து பார்த்து, பிறகே நிரந்தரமாக்கினார்கள். அந்த வரிசைமுறை மற்ற நகரங்களும் கற்க வேண்டிய பாடம்.

இருந்தும் பாண்டி பஜார் ஒரு கடைத்தெரு. தீபாவளிக்குத் துணி எடுக்க வருபவர் அங்கே வசதியாக நடக்கலாம். ஆனால் வளாகம் திறக்கப்பட்டபோது, மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து அங்கு வந்து சேரும்வரை அவர் ரங்கநாதன் தெரு நெரிசலையும் உஸ்மான் சாலையையும் கடந்தாக வேண்டியிருந்தது. ஸ்பெயினின் செவில் நகரம் இதற்கு நேர்மாறாகச் செயல்பட்டது. 2006 முதல் சில ஆண்டுகளுக்குள், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் தடங்களை ஒன்றோடொன்று இணைத்தே கட்டியது. அலங்காரம் குறைவு, தொடர்ச்சி அதிகம். முன்பு அந்நகரின் பயணங்களில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாத சைக்கிளின் பங்கு பல மடங்கு கூடியது. ஒரு தெருவை அழகாக்கினால் மக்கள் அத்தெருவுக்கு வருவார்கள். பயணத்தை நடையாக மாற்ற வேண்டுமென்றால் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம்வரை வழி அறுபடாமல் இருக்க வேண்டும்.

2.3 வழி அறுபடும் காரணங்கள்

முதல் காரணம் துறைப் பிரிவு. ஒரே நகரில் சில சாலைகள் மாநகராட்சிக்கும் முதன்மைச் சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறைக்கும் உரியவை. மழைநீர் வடிகாலை ஒருவர் கட்டுவார்; அதன் மேல்மூடியே நடைபாதை ஆகிவிடும். மின்பெட்டியை இன்னொருவர் நடுவார். குடிநீர்க் குழாய்க்கு வேறொருவர் தோண்டுவார். போக்குவரத்துக் காவல் துறை தடுப்பு வைக்கும். ஒவ்வொருவர் வேலையும் விதிப்படியே நடந்திருக்கும். நடப்பவர் மட்டும் இறங்கிச் சாலையில் போவார்.

இரண்டாவது, வேகமே அளவுகோலாக இருப்பது. சிக்னலில் வாகனம் நிற்கும் நேரத்தைக் குறைப்பதே வெற்றி என்றால், நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும் சரியான தீர்வாகத் தோன்றும். மூட்டுவலியோடு படியேற முடியாத பாட்டிக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்தப் படிக்கட்டு சாலையைவிடப் பெரிய தடை.

மூன்றாவது, பராமரிப்புக்கு நிதித் தலைப்பு இல்லாமை. கட்டுமானத்துக்கு ஒப்பந்தப்புள்ளி உண்டு, திறப்பு விழா உண்டு. பெயர்ந்த கல்லைத் திரும்பப் பதிக்கவும், ஏறி நிற்கும் பைக்கை அகற்றவும் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இல்லை.

3. நடையை உடற்பயிற்சியாகக் கண்ட கொள்கை

2023 நவம்பரில் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சித் தடம் குறிக்கப்பட்டது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் பெருகிய மாநிலத்தில் இது வரவேற்கத்தக்கதே.

ஆனால் அதிகாலையில் பயிற்சிக்கு நடப்பவரும், ஏழு மணிக்கு வீட்டுவேலைக்கு நடந்து போகும் பெண்ணும் ஒரே கொள்கையின் பயனாளிகளாக இல்லை. முன்னவர் நடக்கும் நேரத்தையும் இடத்தையும் தாமே தேர்ந்தெடுக்கிறார். பின்னவருக்குத் தேர்வு கிடையாது. அவருக்குத் தேவை ஆலோசனையோ தடமோ இல்லை, பாதுகாப்பாகக் கடக்க ஒரு சாலைச் சந்திப்பு. 2021இல் வந்த மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒவ்வொரு பஸ் பயணமும் நடையில் தொடங்கி நடையில் முடிகிறது. பயணச்சீட்டை இலவசமாக்கிய அரசு, நிறுத்தம்வரையிலான அரைக் கிலோமீட்டரையும் அதே திட்டத்தின் பகுதியாகக் கருதியிருக்க வேண்டும்.

4. சட்டத்தின் நிலை

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்; ஐந்தில் ஒருவர். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் மோதுவதைவிட 65 கிலோமீட்டரில் மோதும்போது நடப்பவர் இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. எனவே வேகக் கட்டுப்பாடும் நடைபாதைக் கொள்கையின் ஒரு பகுதியே.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவு, நடப்பவர்களும் மோட்டார் அல்லாத வண்டிகளும் பொது இடங்களைப் பயன்படுத்துவது குறித்து விதி வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்தது. அந்த அதிகாரம் ஆண்டுக்கணக்கில் உறங்கியது. கோவையைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. அதே ஆண்டு அக்டோபரில், ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. சலுகையாக இருந்த நடைபாதை அதன்மூலம் கேட்டுப்பெறும் உரிமையானது.

5. மறுப்புரைகளும் விடைகளும்

நம் வெயிலில் யார் நடப்பார்கள் என்பது அடிக்கடி எழும் மறுப்பு. நடப்பவர்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்பதை முன்னுரையின் கணக்குகள் காட்டின. வெயில் உண்மையான இடர் என்பதால்தான், சாலை விரிவாக்கத்தில் முதலில் வெட்டப்படும் நிழல்மரத்தை நடைபாதையின் உறுப்பாகக் கணக்கிட வேண்டும்.

நடைபாதைக் கடைகளே இடையூறு என்பது அடுத்த மறுப்பு. பூக்காரியும் இட்லிக் கடையும் இருக்கும் தெருவில் இரவிலும் பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்கள். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டம் நகர விற்பனைக் குழுக்கள் வழியாக இடம் ஒதுக்க வகை செய்திருக்கிறது. நடைபாதைக்குப் போதிய அகலம் கொடுத்தால் கடைக்கும் காலுக்கும் இடம் உண்டு. நிறுத்திவைத்த காருக்கு இடம் விட்டுவிட்டுத் தள்ளுவண்டியை மட்டும் அகற்றுவது பங்கீடு ஆகாது.

மக்கள் பைக்கையே விரும்புகிறார்கள் என்பது மூன்றாவது. இதில் உண்மை உண்டு. சைக்கிளிலிருந்து பைக்குக்கு மாறுவது உழைப்பவரின் முன்னேற்றம். அதைத் தடுப்பது எந்தக் கொள்கைக்கும் அழகில்லை. பைக் வைத்திருப்பவரும் பால் வாங்க ஒரு தெரு தள்ளி நடந்து போகலாம் என்ற நிலையை உருவாக்குவதே அரசு செய்யக்கூடியது.

முடிவுரை

வண்டி வழங்குவதில் தமிழகம் முன்னோடி. வழி வழங்குவதில் சிறந்த கொள்கையை எழுதி, ஒரு தெருவில் அதை நிறைவேற்றிய மாநிலம். இவ்விரண்டும் தனித்தனித் துறைகளில் தங்கிவிட்டதே இந்த ஆய்வு காணும் அடிப்படைக் குறை.

இதிலிருந்து மூன்று பரிந்துரைகள் எழுகின்றன. முதலாவதாக, உச்ச நீதிமன்ற ஆணைப்படி அமையும் விதிகள், ஒவ்வொரு சாலையின் நடைபாதைக்கும் ஒரே பொறுப்பு அதிகாரியைப் பெயரிட வேண்டும்; பிற துறைகள் அவர் ஒப்புதலின்றித் தோண்டவோ நடவோ கூடாது. இரண்டாவதாக, 60 சதவீத ஒதுக்கீட்டை எல்லா மாநகராட்சிகளுக்கும் விரித்து, எவ்வளவு செலவானது என்பதை ஆண்டுதோறும் மன்றத்தில் வைக்க வேண்டும். அதில் பராமரிப்புக்குத் தனிப் பங்கு இருக்க வேண்டும். மூன்றாவதாக, மிதிவண்டி வழங்கும் ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் மாணவர்கள் வரும் வழிகளில் வேகக் கட்டுப்பாடும் தனித்தடமும் முதலில் அமைய வேண்டும். எந்தப் பள்ளியில் எத்தனை சைக்கிள் என்ற பட்டியல் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறை அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கினாலே வேலையைத் தொடங்கிவிடலாம்.